நடுக்குவாதமும் நடையும்



வரலாறு என்று சொன்னவுடன் முடியுடை மன்னரும், அவர்தம் போர்களும், கோட்டை கொத்தளங்களும் நம் நினைவிற்கு வருகின்றன. அவை வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும். மனிதனைத் துன்புறுத்திய நோய்களுக்கும் வரலாறு உண்டு. அந்நோய்களை அவன் அறிந்துகொண்ட முறைக்கும் வரலாறு உண்டு. அறிந்துவிட்டதாக எண்ணி அவன் பிழைபட்ட காலங்களுக்கும் வரலாறு உண்டு. அத்தகைய வரலாறு ஒன்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நான் மருத்துவன் அல்லன். பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். என் வீட்டில் நேர்ந்த ஒரு பிழையே இப்பொருளைப் பற்றி என்னைத் தேடிப் படிக்கச் செய்தது.

மதுரை மாநகரின் தென்பால் அமைந்த ஊர் அவனியாபுரம். தைத் திங்கள் முதல் நாளன்று சல்லிக்கட்டு நடைபெறும் ஊர் என்று அதனை நீங்கள் அறிவீர்கள். 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு அது இணைந்தது. ஆயினும் கிராமத்தின் சாயல் முற்றும் மறைந்துவிடவில்லை. அவ்வூர்த் தெரு ஒன்றில் என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தினார். செய்தித்தாளைக் கிழித்துக் கூம்பாக்கி, சீரகமும் மிளகும் அளந்து போட்டு, நூல் சுற்றிப் பொட்டலம் கட்டும் அவருடைய கைவேகத்தைக் காணவே சிறுவர் சிலர் கடை வாசலில் நிற்பதுண்டு.

அந்தக் கை மெல்ல மெல்ல மாறியது. முதலில் மாறியது எழுத்து. கடைக் கணக்கு நோட்டில் அவர் எழுதும் எழுத்துகள் வரியின் தொடக்கத்தில் பெரியனவாகவும், முடிவில் எறும்புபோற் சிறியனவாகவும் அமைந்தன. பின்னர்ப் பொட்டலத்தின் முடிச்சு விழவில்லை. நடக்கும்போது வலக்கை வீசாமல் உடலோடு ஒட்டி நின்றது. முகத்தில் சிரிப்பு அருகியது, குரல் தாழ்ந்தது. ‘வயதாகிறது’ என்று அனைவரும் சொன்னோம். விரலில் நடுக்கம் கண்ட பின்னரே மருத்துவரிடம் சென்றோம். ‘பார்க்கின்சன் நோய்’ என்றார் அவர். நடுக்குவாதம் என்று தமிழில் வழங்குவதும் இதுவே.

ஒருநாள் நிலைப்படியருகே அவர் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல நின்றுவிட்டன. உடல் மட்டும் முன்னே சாய, அவர் விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆயினும் வீடே அஞ்சியது. அன்று முதல் அவரை நாங்கள் நடக்க விடவில்லை. கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலியிட்டு அமர்த்தினோம். தண்ணீர் வேண்டுமெனில் கொண்டுவந்து கொடுத்தோம், சட்டைக்குப் பொத்தானிட்டோம், சோற்றைப் பிசைந்து ஊட்டவும் தலைப்பட்டோம். கடையைத் தம்பி ஏற்றுக்கொண்டான். ஆறு திங்களுக்குள் அந்த நாற்காலியிலிருந்து தாமாக எழும் வலிமையை அவர் இழந்தார். நாங்கள் செய்ததெல்லாம் அன்பினால் செய்தது. ஆயினும் அது தீங்காகவே முடிந்தது. அந்தத் தீங்கு எங்கள் வீட்டில் மட்டும் பிறந்தது அன்று என்பதையும், அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு என்பதையும் பின்னரே அறிந்தேன்.

அந்த வரலாறு லண்டனில் தொடங்குகிறது. 1755-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் பிறந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவத் தொழில் செய்தவர். 1817-ஆம் ஆண்டில் நடுக்குவாதத்தைப் பற்றி ஒரு சிறு நூலை அவர் வெளியிட்டார். அதில் ஆறு மனிதர்களின் நிலை விளக்கப்பட்டுள்ளது. அறுவரும் அவரை நாடி வந்த நோயாளிகள் அல்லர்; சிலரை அவர் தெருவில் கண்டார். கூர்ந்து நோக்கும் கண்ணும் நின்று விசாரிக்கும் மனமும் இருந்தமையால், ஆயிரம் பேர் கடந்து சென்ற தெருவிலே ஒரு நோயை அவர் இனங்கண்டார்.

அறுவருள் ஒருவரை அவர் தொலைவிலிருந்தே பார்த்தார். அம்மனிதரால் நடக்க இயலாது. ஓட மட்டுமே இயலும். உதவியாளர் ஒருவர் அவருக்கு எதிரே நின்று, தோள்மீது கைவைத்துத் தாங்க, அவர் முன்னும் பின்னுமாக மெல்ல அசைவார். உடல் நிலைகொண்டதும் நோயாளி குறிப்புக் காட்டுவார். உடனே உதவியாளர் விலகி முன்னே ஓடுவார்; நோயாளி அவர் பின்னே ஓடுவார். ஏறத்தாழ இருபது அடி எடுத்துவைத்ததும், விழாதபடி உதவியாளர் அவரைத் தாங்கிக்கொள்வார். இந்தக் காட்சியை நினைவில் வையுங்கள். பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

பார்க்கின்சனுக்குப் பின் இந்நோயை ஆழ்ந்து ஆராய்ந்தவர் பாரிசு நகரத்து ஷார்க்கோ என்னும் மருத்துவர். 1862 முதல் சால்பெட்ரியே மருத்துவமனையில் பணியாற்றிய அவர், இந்நோயாளர் எல்லோருக்கும் நடுக்கம் இருப்பதில்லை என்று காட்டினார். உடல் இறுகுதலும் அசைவு மந்தமாதலும் நடுக்கத்தினின்று வேறானவை என்று பிரித்துணர்ந்தார். முடக்குவாதம் என்னும் பொருள்பட வழங்கிய பழைய பெயரையும் அவர் ஏற்கவில்லை. தசைகள் வலிமையிழந்து முடங்கிவிடவில்லை என்பது அவர் கண்ட உண்மை. இந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை இட வேண்டுமென்று சொன்னவரும் அவரே.

நெடுந்தொலைவு இரயிலிலும் குதிரை வண்டியிலும் பயணம் செய்தபின் தங்கள் உடல் இலேசாக இருப்பதாக நோயாளர் சிலர் ஷார்க்கோவிடம் கூறினர். அதனைக் கேட்ட அவர், இரயில் வண்டிபோல அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து நோயாளரை அமர்த்தினார். 1892-இல் இதுபற்றிய அவருடைய விரிவுரை வெளியாயிற்று. மறு ஆண்டே அவர் மறைந்தமையால் ஆய்வு நின்றுபோயிற்று. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், 2012-இல், சிகாகோ நகரத்து மருத்துவர்கள் அதனைச் சோதித்தனர். அதிரும் நாற்காலியில் அமர்ந்தவர்களும், அதிர்வின்றி ஓசை மட்டும் கேட்டு அமர்ந்தவர்களும் ஒரே அளவில்தான் நலம் பெற்றனர். எனவே, அதிர்வுக்கென்று தனிப்பயன் இருந்ததாகத் தெரியவில்லை. அசைக்கப்படுவது வேறு, அசைவது வேறு என்பதை இதைக்காட்டிலும் தெளிவாக எதனால் உணர்த்த முடியும்?

ஆயினும் 19-ஆம் நூற்றாண்டின் மருத்துவம் அசைவை ஊக்குவிக்கவில்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் போன்ற பேரறிஞர்களும் உடற்களைப்பையும் மனவுளைச்சலையும் தவிர்க்குமாறும், அமைதியான வாழ்வை மேற்கொள்ளுமாறும் அறிவுறுத்தினர். மருந்தில்லாத காலத்தில் அது கருணையோடு கூறிய அறிவுரையே. என் தந்தையாரைச் சாய்வு நாற்காலியில் அமர்த்தியபோது, கவர்சின் பெயரைக் கேட்டறியாத நாங்களும் அவர் காலத்து அறிவையே பின்பற்றினோம்.

இனி மருந்தின் வரலாற்றைக் காண்போம். அதில் நம் நாட்டிற்கும் சென்னைக்கும் பங்குண்டு. நம் நடுமூளையில் கருநிறங்கொண்ட சிறு பகுதி ஒன்று உள்ளது. இந்நோயில் அப்பகுதி சிதைகிறது என்பதை 1919-இல் பாரிசு நகரில் திரெத்தியாகோவ் எடுத்துக்காட்டினார். அங்குள்ள உயிரணுக்கள் டோப்பமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. அசைவைத் தொடங்கவும், அதன் அளவையும் வேகத்தையும் பேணவும் அப்பொருள் இன்றியமையாதது. 1957-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், நம் நாட்டுச் சர்ப்பகந்தியினின்று பிரித்தெடுத்த ரெசர்பின் என்னும் மருந்தை விலங்குகளுக்குச் செலுத்தினார். அவை அசைவற்றுக் கிடந்தன. பின்னர் லெவோடோப்பா என்னும் பொருளைச் செலுத்தினார். அவை மீண்டும் இயங்கின. இத்துறையில் அவர் ஆற்றிய பணிக்காக 2000-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். 1960-இல் வியன்னா நகரின் ஹார்னிகீவிக்சும் அவர்தம் துணைவரும், இந்நோயால் இறந்தவர்களின் மூளையில் டோப்பமின் குறைந்திருப்பதைக் கண்டனர். டோப்பமின் குருதியினின்று மூளைக்குள் நுழையாது. லெவோடோப்பாவோ உள்ளே நுழைந்து டோப்பமினாக மாறும். ஆதலால் 1961-இல் அதனை நோயாளர்க்கு ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தனர். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், வாய்வழி மருந்தாகச் சிறுகச் சிறுக அளவை உயர்த்திக் கொடுத்து நிலையான பயன் கண்டார்.

அந்த லெவோடோப்பா, வேலிகளிலும் புதர்களிலும் படரும் பூனைக்காலிக் கொடியின் விதையில் உள்ளது. காயின்மேல் உள்ள சுணை உடலிற் பட்டால் தாங்கவொண்ணாத அரிப்பெடுக்கும் என்பதைச் சிற்றூர்ச் சிறுவர் அறிவர். ஆயுர்வேதத்தில் அவ்விதை பன்னெடுங்காலமாக வழங்கி வந்தது. அதிலிருந்து லெவோடோப்பாவைப் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும் ஆவர். அது நடுக்குவாதத்திற்கு மருந்தாகும் என்பது அன்று எவர்க்கும் தெரியாது. விதை ஓரிடத்தில் இருந்தது; நோய் மற்றோரிடத்தில் இருந்தது; இரண்டையும் இணைக்கும் அறிவு பிறக்க மேலும் ஒரு தலைமுறைக் காலம் வேண்டியிருந்தது. இதைக் கேட்டு எவரும் பூனைக்காலி விதையை வீட்டிலே இடித்துக் கொடுத்துவிடலாகாது. அளவறியாது உண்ணும் மருந்து நஞ்சாகும்.

மருந்து பெரும்பயன் விளைத்தது. ஆனால் எல்லாவற்றையும் அது தரவில்லை. காலப்போக்கில் ஒரு வேளை மருந்தின் பயன் மறுவேளை வரை நீடிப்பதில்லை. தானாக உடல் நெளியும் தொல்லையும் சிலர்க்கு வந்து சேர்கிறது. உடலின் சமநிலையும், தாழ்ந்த குரலும், கால் ஒட்டிக்கொள்ளுதலும் மருந்திற்கு எளிதில் வசப்படுவதில்லை. இவ்விடத்தில்தான் பார்க்கின்சன் தெருவிற் கண்ட அந்த அசைவு மீண்டும் வரலாற்றில் நுழைகிறது.

கோட்சியாஸ் வெற்றி கண்ட அதே 1967-இல் ஆங்கில மருத்துவர் பர்டன் மார்ட்டின் ஒரு நூலை வெளியிட்டார். நடக்க இயலாது நின்றுவிடும் நோயாளர், தரையிற் குறுக்காக வரைந்த கோடுகளைக் கண்டால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுகின்றனர் என்று அதில் அவர் விளக்கியிருந்தார். நாம் நினையாமலே நிகழும் நடையை ஆள்வது மூளையின் ஆழத்திலுள்ள பகுதி. அது தளரும்போது, கண்ணால் நோக்கி மனத்தால் எண்ணி அடியெடுத்து வைக்கும் மற்றொரு வழி திறக்கிறது. தாள ஓசையும் அவ்வாறே உதவும் என்பதை 1996-இல் மைக்கேல் தாட் என்பவரும் அவர் குழுவினரும் காட்டினர்.

இதனைப் படித்தபோது எனக்கு ஒரு மார்கழிக் காலை நினைவிற்கு வந்தது. என் தாயார் வாசல் நிறையக் கோலமிட்டிருந்தார்கள். வெறுந்தரையில் நகர மாட்டாத தந்தையார், அன்று என் கையைப் பற்றிக்கொண்டு, கோலத்தை மிதித்துவிடலாகாதே என்று ஒவ்வொரு கோடாகத் தாண்டித் தெருவில் இறங்கினார். நாங்கள் வியந்தோம், வியந்து மறந்துவிட்டோம். மார்ட்டின் நூல்வழி அறிவித்ததை எங்கள் வாசற்கோலம் முன்னரே அறிவித்திருந்தது. படிக்கத் தெரியாதவர்கள் நாங்களே.

அண்மைக் காலத்தில் உடற்பயிற்சியை மருந்தைப்போலவே அளந்து ஆராய்கின்றனர். 2012-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 195 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. சீனத்துத் தாய்ச்சி என்னும் மெல்லசைவுப் பயிற்சியை 24 வாரங்கள் செய்தவர்கள், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நன்கு சமநிலை பெற்றனர், குறைவாகவே விழுந்தனர். 2018-இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில், மருந்து தொடங்காத தொடக்க நிலை நோயாளர் 128 பேர் பங்கேற்றனர். இதயத் துடிப்பு தன் உச்ச வேகத்தில் 80 முதல் 85 விழுக்காட்டை எட்டுமாறு நடைப்பொறியில் பயின்றவர்களின் நோய்நிலை ஆறு திங்களில் ஏறக்குறைய மாறாதிருந்தது. பயிலாதவர்களின் நிலை மேலும் சரிந்தது.

ஆயினும் வரலாற்று மாணவர் ஒரு பக்கத்துச் சான்றை மட்டும் நோக்கலாகாது. 2019-இல் நெதர்லாந்து நாட்டில் 130 பேர் கலந்துகொண்ட ஓர் ஆய்வு வெளியாயிற்று. வீட்டிலேயே நிலைமிதிவண்டியை வேகமாக மிதித்தவர்களின் அசைவு, நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுடையதைவிட நன்கு காக்கப்பட்டது. ஆனால் வாழ்க்கைத் தரத்தை அளந்தபோது இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

வாழ்க்கைத் தரத்தை எவ்வாறு அளப்பது என்று நீங்கள் வினவலாம். 1995-இல் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் நோயாளரிடமே கேட்டறிந்து 39 வினாக்கள் கொண்ட ஒரு வினாநிரல் அமைத்தனர். நடமாட்டம், அன்றாடச் செயல்கள், மனநலம், பிறர் பார்வையால் நேரும் கூச்சம், சுற்றத்தார் ஆதரவு, நினைவாற்றல், பிறரோடு பேசுதல், உடல் நோவு என எட்டுக் கூறுகள் அதில் உண்டு. அவற்றுள் நடமாட்டம் ஒன்றே ஒன்று என்பதைக் கவனியுங்கள். கால் நடந்தால் மட்டும் வாழ்வு நிறைந்துவிடுவதில்லை. அந்தக் கால் எங்கே செல்கிறது, யாரைக் காண்கிறது என்பதும் கணக்கில் வரும். 2023-இல் 156 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், பெரும்பாலான பயிற்சிகள் அசைவிற்கும் வாழ்க்கைத் தரத்திற்கும் நன்மை தருகின்றன என்றும், இன்ன பயிற்சியே மேலானது என்று சொல்வதற்குப் போதிய சான்றில்லை என்றும் கூறினர். நடனமாயினும், நீரில் செய்யும் பயிற்சியாயினும், யோகமாயினும், அவரவர்க்கு உகந்ததை விடாது செய்வதே தக்கது என்று இதனின்று நாம் கொள்ளலாம்.

இவையெல்லாம் எங்களுக்குத் தெரியும் முன்னரே காலம் கடந்துவிடவில்லை என்பது எங்கள் நற்பேறு. மறுமுறை சென்றபோது மருத்துவர், “அவரை யார் உட்கார வைத்தது?” என்று கேட்டார். நாங்கள் தலைகுனிந்தோம். அன்று முதல் முறை மாறியது. மருந்து நன்கு வேலை செய்யும் வேளை எது என்று அறிந்து, அவ்வேளையில் நடக்கத் தொடங்கினார். கூடத்தில் ஓரடிக்கு ஒன்றாக வெள்ளைக் கோடுகள் இட்டோம். நிலைப்படியருகே கைப்பிடி பொருத்தினோம். முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும் நடந்தார். பின்னர்த் தெருக்கோடி வரை சென்றார். உடன் நடக்கும்போது பேச்சுக் கொடுக்கலாகாது என்றும், நின்றுவிட்டால் பிடித்து இழுக்கலாகாது என்றும் கற்றுக்கொண்டோம். இழுத்தால் மேலுடல் முன்னே வரும், கால் வராது. அவர் மூச்சு விட்டு, நிமிர்ந்து, தாமாக அடியெடுத்து வைக்கும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பதே எங்களுக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

ஒரு நாள் மாலை, எங்கே நடக்க விருப்பம் என்று கேட்டேன். “கடைக்கு” என்றார். எங்கள் வீட்டிலிருந்து கடை இருநூறு அடி தொலைவு. அந்த இருநூறு அடியையும் அவரிடமிருந்து பறித்தவர்கள் நாங்கள்தாம் என்று அப்போதுதான் உணர்ந்தேன். இன்று அவர் மாலைதோறும் கடைக்குச் செல்கிறார். நோய் நீங்கிவிடவில்லை. இந்நோயை முற்றும் நீக்கும் மருந்தோ பயிற்சியோ இதுவரை இல்லை. ஆண்டுக்கு ஆண்டு அது சற்றே முன்னேறித்தான் வருகிறது. முன்பு ஒரு நொடியில் கட்டிய பொட்டலத்தை இப்போது பல நிமிடங்களில் கட்டுகிறார். வாங்க வந்தவர்கள் நின்று வாங்கிச் செல்கின்றனர். நின்ற நேரத்தில் ஊர்ச்செய்தி பேசுகின்றனர். வினாநிரலின் எட்டுக் கூறுகளுள் எத்தனை அந்தப் பொட்டலத்துக்குள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறேன்.

மாணவ மாணவியரே! 2019-ஆம் ஆண்டில் உலகில் 85 இலட்சத்திற்கு மேற்பட்டோர் இந்நோயோடு வாழ்ந்தனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணித்தது. அவர்களுள் ஒருவர் உங்கள் பாட்டனாராகவோ, பாட்டியாராகவோ, பேருந்துப் படியில் தயங்கி நிற்கும் முன்பின் அறியாத முதியவராகவோ இருக்கலாம். அவரைக் குடிகாரர் என்று எள்ளாதீர்கள். ‘விரைவாக ஏறுங்கள்’ என்று அதட்டாதீர்கள். இரக்கம் மிகுந்து அவருடைய வேலையையெல்லாம் நீங்களே செய்தும் முடித்துவிடாதீர்கள். எவ்வளவு பயிற்சி, எவ்வகைப் பயிற்சி என்பதை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சொல்லட்டும். உடன் நடப்பதற்கு உங்கள் கால்கள் போதும்.

1817-ஆம் ஆண்டின் நூலில் நாம் கண்ட அந்த உதவியாளரை இப்போது மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவர் பெயர் வரலாற்றில் பதிவாகவில்லை. அவர் நோயாளியைத் தூக்கிச் செல்லவில்லை. நாற்காலியில் அமர்த்தவும் இல்லை. எதிரே நின்று நிலைகொள்ளச் செய்தார். குறிப்புக் கிடைத்ததும் வழிவிட்டார். விழப்போகும் இடத்தில் தாங்குவதற்கு ஆயத்தமாக நின்றார். இரண்டு நூற்றாண்டு ஆராய்ச்சிக்குப் பின்னும் துணை நிற்போர்க்கு இதனினும் சிறந்த முறை ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நாளை மாலை உங்கள் தெருவில் அத்தகைய முதியவர் ஒருவர் நடக்கத் தயங்கி நிற்பாராயின், அவர் அருகே சென்று நில்லுங்கள். அவர் அடியெடுத்து வைக்கும் வரை காத்திருங்கள்.